ஜால்ரா எனும் சொல்லும் முஃமினின் நாவும்

"அவரா? அவர் பெரிய ஜால்ராவாயிற்றே!" என்று ஒருவரைப் பற்றி யாராவது சொன்னால் நாம் சிரித்துவிடுகிறோம். சொன்னவருக்கும் கேட்டவருக்கும் பொருள் விளங்கிவிடுகிறது. பள்ளிக்கூடத்துச் சிறுவர் முதல் கடைத்தெருப் பெரியவர் வரை அறிந்த சொல் இது. சிரிப்போடு இந்தச் சொல்லை விட்டுவிடுகிறோமே தவிர, அது யாரைக் குறிக்கிறது, எந்தப் பாவத்தைக் குறிக்கிறது, அந்தப் பாவத்தில் நமக்குப் பங்கு உண்டா என்று எண்ணிப் பார்ப்பதில்லை. இம்மாதம் அதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

ஜால்ரா என்பது வெண்கலத்தால் ஆன இரண்டு சிறு தட்டுக்கள். நடுவில் துளையிட்டுக் கயிறு கோத்திருப்பார்கள். ஒன்றோடொன்று தட்டினால் 'ஜிங்' என்று ஒலிக்கும். தமிழில் இதற்குத் தாளம், கைத்தாளம் என்ற பெயர்கள் உண்டு. ஜால்ரா என்ற பெயர் வெளியிலிருந்து வந்தது என்பதை அதன் முதலெழுத்தே சொல்லிவிடுகிறது. தஞ்சையில் மராட்டியர் 1676 முதல் 1855 வரை ஆண்ட காலத்தில் வடபுலத்துப் பஜனை முறையும் கதாகாலட்சேபமும் தமிழ்நாட்டில் வேரூன்றின. அந்த மேடைகளில் தலைவர் ஒருவர் பாடுவார். பின்னாலிருப்பவர் அவர் பாடுகிறபடியே ஜால்ரா தட்டிக்கொண்டிருப்பார். தலைவர் விரைந்தால் இவரும் விரைவார். அவர் நிறுத்தினால் இவரும் நிறுத்துவார். அவர் ஒரு அடியை நான்கு முறை பாடினால் இவரும் நான்கு முறை தட்டுவார். தனக்கென்று ஒரு பாட்டு அவரிடம் கிடையாது. பெரிய மனிதர் பேசும்போதெல்லாம் பக்கத்திலிருந்து "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டுகிறவரைப் பார்த்த எவனோ ஒரு குறும்புக்காரனுக்கு இந்தக் காட்சி நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவன் வாய்ச்சொல் ஊர்ச்சொல்லாகிவிட்டது.

நான் வளர்ந்தது அரூர் வட்டாரம். தீர்த்தமலைக்கு மாசித் திருவிழாவில் மலையேற வருகிற கூட்டத்தில் பஜனைக் கோஷ்டிகளும் வரும். விடியற்காலையில் ஃபஜ்ருத் தொழுதுவிட்டு வெளியே வந்தால் சாலையில் அந்த ஒலி கேட்கும். அவர்கள் வழி அவர்களுக்கு, நம் வழி நமக்கு. அந்தக் கருவியைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். தாளம் பிடிக்கிற ஒரு பெரியவர் ஒருமுறை என் தந்தையாரிடம் பேசிக்கொண்டிருந்ததைச் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். "பாய், பாடுறவன் தடுமாறலாம், தாளம் தடுமாறக் கூடாது. அவன் தப்புக்கு நான் தட்டினா ரெண்டு பேரும் சேர்ந்து குழியில விழுவோம்" என்றார் அவர். பரதநாட்டிய மேடையிலும் தாளத்தைக் கையில் வைத்திருக்கும் நட்டுவனார்தாம் ஆடுபவரை நடத்துகிறார். ஆக, உண்மையான ஜால்ராக்காரர் தலைவருக்கு அடிமையல்லர். அவரை அளவோடு நிறுத்துகிறவர். ஊர் வழக்கு அந்தக் கருவிக்குச் சற்று அநீதி இழைத்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒன்றில் ஊர் வழக்கு மிகச் சரி. ஜால்ரா இரண்டு தட்டு. ஒற்றைத் தட்டு ஒலிப்பதில்லை. முகஸ்துதி செய்பவன் ஒரு தட்டு என்றால், அதை விரும்பிக் கேட்டுக்கொண்டிருப்பவன் மற்றொரு தட்டு.

இந்தக் குணத்துக்கு நம் மக்கள் வைத்திருக்கிற பெயர்கள் கொஞ்சமல்ல. பழைய தமிழில் இச்சகம் என்பார்கள். சோப்புப் போடுதல், ஐஸ் வைத்தல் என்பவை நம் காலத்தவை. காக்காய் பிடித்தல் என்பதற்கு, காலையும் கையையும் பிடிப்பதுதான் 'கால்கை பிடித்தல்' என்றிருந்து காக்காய் ஆகிவிட்டது என்று விளக்கம் சொல்வார்கள். கேட்க அழகாயிருக்கிறது என்பதற்காக இப்படிப்பட்ட விளக்கங்களை அப்படியே நம்பிவிடக் கூடாதுதான். ஆயினும் மலையாளத்திலும் இதே காக்கை இதே பொருளில் வழங்குகிறது, அங்கும் இதே விளக்கத்தைச் சொல்கிறார்கள். நம் பகுதியில் வீட்டில் உருது பேசுகிற குடும்பங்களில் 'குஷாமத்' என்பார்கள். முகஸ்துதிக்காரனைச் 'சம்ச்சா' என்பார்கள். இது நாம் நோன்பு திறக்கும்போது தின்கிற சம்சா அன்று, கரண்டி. எந்தச் சட்டியில் எது இருந்தாலும் அதில் புகுந்து வருவது கரண்டி. 1975-77 நெருக்கடி நிலைக் காலத்தில் வடநாட்டில் இந்தச் சொல் மிகவும் அடிபட்டது. அப்போது காங்கிரஸ் தலைவராயிருந்த தேவகாந்த் பரூவா, இந்தியாதான் இந்திரா, இந்திராதான் இந்தியா என்று முழங்கினார். 1977 மார்ச்சில் தேர்தல் தோல்வி வந்தது. பிறகு கட்சி பிளந்தபோது அதே பரூவா இந்திராவுக்கு எதிரான அணியில் நின்றார். 1982-ல் கான்ஷிராம் தாம் எழுதிய ஆங்கில நூலுக்கே 'சம்ச்சாக்களின் காலம்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்.

அரசியல்வாதிகளைச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. நம் மஹல்லாக்களுக்கு வருவோம்.

ஒரு முஃமின் ஒரு நாளைக்குப் பதினேழு ரக்அத் ஃபர்ளுத் தொழுகிறார். ஒவ்வொரு ரக்அத்திலும் ஃபாத்திஹா சூரா. அதன் தொடக்கமே எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே என்பது. பதினேழு முறை இதைச் சொல்லிவிட்டுப் பள்ளிவாசலை விட்டு வெளியே வந்து, ஒரு பணக்காரரின் முன்னால் நின்று, அல்லாஹ்வுக்கு மட்டும் உரிய சொற்களில் சிலவற்றை எடுத்து அவருக்குச் சூட்டிவிடுகிறோம். 'வாரி வழங்கும் வள்ளலே', 'எங்கள் வாழ்வின் ஒளியே' என்கிறோம். திருமண மேடையிலே கேட்கிறோம், மதரஸா ஆண்டு விழாவிலே கேட்கிறோம், சுவரொட்டியிலே படிக்கிறோம்.

நம் நாயகம் (ஸல்) அவர்களின் திருச்சமூகத்தில் ஒருவர் மற்றொருவரைப் புகழ்ந்து பேசினார். பெருமானார் அவர்கள் மனம் வருந்தி, உம் தோழரின் கழுத்தை வெட்டிவிட்டீரே என்று திரும்பத் திரும்பக் கூறினார்கள். ஒருவரைப் புகழ்ந்தே ஆக வேண்டுமென்றால், இவரைப் பற்றி நான் இவ்வாறு எண்ணுகிறேன், அவரைக் கணக்குப் பார்ப்பவன் அல்லாஹ் என்று சொல்லும்படி கற்பித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிற ஹதீஸ் இது. நாவால் ஒருவரைப் புகழ்வதற்கும் கழுத்தை வெட்டுவதற்கும் என்ன உறவு என்று எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. எப்படி விளங்கிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாம் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களை ஒருவர் முகத்துக்கு நேரே புகழத் தொடங்கினார். அங்கிருந்த மிக்தாத் (ரலி) அவர்கள் உடல் பருத்தவர்கள். அவர்கள் முழந்தாளிட்டு, தரையில் கிடந்த பொடிக்கற்களை அள்ளிப் புகழ்ந்தவரின் முகத்தில் வீசினார்கள். "என்ன செய்கிறீர்?" என்று கலீஃபா அவர்கள் கேட்க, புகழ்ந்து திரிவோரின் முகத்தில் மண்ணை வீசும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதை மிக்தாத் (ரலி) எடுத்துரைத்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. புகழப்பட்டவரோ சுவர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். அவரைப் புகழ்ந்ததில் பொய் இருந்திருக்க நியாயமில்லை. அப்படியிருந்தும் கல் விழுந்தது. நம் மேடைகளில் மிக்தாத் (ரலி) அவர்கள் அமர்ந்திருந்தால் ஊரில் கல் மிஞ்சியிருக்குமா!

அப்படியானால் புகழ்தலே ஹராமா? இல்லை. அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) போன்ற ஸஹாபாப் பெருமக்களை நாயகமே (ஸல்) நேரில் புகழ்ந்திருக்கிறார்கள். ஒருவர் நற்செயல் செய்கிறார், அதற்காக மக்கள் அவரைப் பாராட்டுகிறார்கள், இது எப்படி என்று கேட்கப்பட்டபோது, அது முஃமினுக்கு முன்கூட்டியே கிடைக்கும் நற்செய்தி என்றார்கள். மனிதருக்கு நன்றி சொல்லாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவரே என்றும் ஹதீஸ் இருக்கிறது. ஆகவேதான் இமாம் நவவி (ரஹ்) அவர்கள், புகழால் கெட்டுவிடுவார் என்று அஞ்சப்படுபவரைப் புகழ்வது வெறுக்கத்தக்கது என்றும், ஈமானும் தன்னறிவும் உறுதியாயுள்ளவரைப் புகழ்வது ஆகும் என்றும் பிரித்துக் காட்டினார்கள். உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் தம்மை ஆதரித்த அபுல்காசிம் மரைக்காயரை நினைவுகூர்கிறார். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று கீழக்கரை வள்ளலைப் பற்றித் தமிழ்நாடே பழமொழி வைத்திருக்கிறது. செத்துப்போனவரைப் புகழ்ந்து யாருக்கு என்ன கிடைக்கப்போகிறது? அது நன்றி. ஜால்ரா அன்று.

வேறுபாடு எங்கே இருக்கிறது? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் நாவின் ஆபத்துக்களை வரிசையாகச் சொல்லிவருகையில் புகழ்தலையும் ஓர் ஆபத்தாகச் சேர்த்திருக்கிறார்கள். புகழ்பவருக்கு நான்கு கேடு, புகழப்படுபவருக்கு இரண்டு கேடு என்று கணக்குச் சொல்கிறார்கள். புகழ்பவர் அளவு மீறிப் பொய்யில் போய் விழுகிறார். உள்ளத்தில் இல்லாத அன்பைக் காட்டி முகஸ்துதிக்காரராகிறார். தாம் அறிய முடியாததை அறிந்ததுபோல் சொல்கிறார். அநியாயக்காரனை மகிழச் செய்கிறார். இந்த நான்காவதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. சொன்ன சொல் பொய்யில்லாமலேயே இருக்கலாம். ஆனால் அநியாயம் செய்கிற ஒருவன் அதைக் கேட்டு மனம் குளிர்ந்தால், அந்தக் குளிர்ச்சிக்கு நாம் பொறுப்பு. புகழப்படுபவருக்கோ பெருமை வந்துவிடுகிறது. அது வராவிட்டாலும் திருப்தி வந்துவிடுகிறது. தாம் போதுமான அளவு நல்லவரே என்று எண்ணி, மேற்கொண்டு முயலாமல் உட்கார்ந்துவிடுகிறார்.

இதைப் படிக்கும் வாசகர்களில் சிலர் கேட்பார்கள்: "மரியாதையாகப் பேசுவதெல்லாம் ஜால்ராவா? முதலாளியிடம் முகங்கொடுத்துப் பேசாமல் பிழைப்பு நடக்குமா?" நியாயமான கேள்வி. திருமறையின் தாஹா சூராவில் மூஸா (அலை), ஹாரூன் (அலை) இருவரையும் ஃபிர்அவ்னிடம் அனுப்பும்போது, அவனிடம் மென்மையாகப் பேசும்படி அல்லாஹு தஆலா கட்டளையிடுகிறான். ஃபிர்அவ்னை விடக் கொடியவன் யார்? அவனிடமே மென்மை. ஆனால் அந்த மென்மையான வாயால் அவர்கள் போய்ச் சொன்னது என்ன? பனூ இஸ்ராயீல்களை எங்களோடு அனுப்பிவிடு, அவர்களை வேதனை செய்யாதே என்பது. குரல் தாழ்ந்திருந்தது, கோரிக்கை தாழவில்லை. நம் ஆலிம்கள் இவ்விரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். தீனைக் காக்கவோ ஒருவரின் தீமையைத் தடுக்கவோ இணக்கமாக நடந்துகொள்வது முதாராத். உலகத்துக்காகத் தீனை விட்டுக்கொடுத்து இணங்குவது முதாஹனத். எழுத்தில் அருகருகே இருக்கும் சொற்கள். வாழ்க்கையிலும் அப்படித்தான், கால் சறுக்கினால் ஒன்றிலிருந்து மற்றொன்றில் போய் விழுந்துவிடுவோம்.

அதே ஃபிர்அவ்னின் சபையில் மற்றொரு கூட்டமும் இருந்தது. சூனியக்காரர்கள். ஷுஅரா சூராவைப் பாருங்கள். வந்ததும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, நாங்கள் வென்றால் எங்களுக்குக் கூலி உண்டா என்பது. ஆம் என்கிறான் அவன். அதோடு நீங்கள் எனக்கு நெருக்கமானவர்களாகவும் ஆவீர்கள் என்கிறான். கூலியும் நெருக்கமும்! உலகத்து முகஸ்துதி முழுவதும் இந்த இரண்டு கயிற்றில்தான் தொங்குகிறது. உடனே அவர்கள் ஃபிர்அவ்னின் கண்ணியத்தைக் கொண்டே முழங்கித் தங்கள் கயிறுகளை எறிகிறார்கள். ஆனால் சத்தியம் கண்முன் வந்ததும் அவர்களே சுஜூதில் விழுந்தார்கள். கைகால்களை வெட்டுவேன் என்று அவன் மிரட்டியபோது, நீ செய்வதைச் செய், உன் அதிகாரம் இந்த உலக வாழ்வோடு சரி என்றார்கள். காலையில் கூலி கேட்ட அதே வாய். ஜால்ராக்காரர் திருந்தமாட்டார் என்று யாரையும் ஒதுக்கிவிடுவதற்கில்லை.

இப்னு உமர் (ரலி) அவர்களிடம் சிலர் வந்து, ஆட்சியாளர்களிடம் போகும்போது ஒன்றும் வெளியே வந்தபின் வேறொன்றும் பேசுகிறோம் என்றார்கள். நாங்கள் அதை நிஃபாக் என்றே எண்ணிவந்தோம் என்று இப்னு உமர் (ரலி) பதிலளித்தார்கள். நாம் அதைச் சாமர்த்தியம் என்கிறோம். பிழைக்கத் தெரிந்தவர் என்று பெண் கொடுக்கவும் செய்கிறோம்.

இன்னொரு கூட்டத்தாரின் நிலைமையையும் நாம் உணர வேண்டும். நம் பள்ளிவாசல்களின் இமாம்கள் மாதச் சம்பளத்துக்கு நிர்வாகத்தை நம்பியிருப்பவர்கள். ஜும்ஆ மிம்பரில் வட்டியைப் பற்றிப் பேசினால் ஒருவருக்குக் கோபம், வரதட்சணையைப் பற்றிப் பேசினால் மற்றொருவருக்கு வருத்தம். அடுத்த வாரம் வேறு ஹஜ்ரத் தேடப்படுவார். இப்படி வைத்துக்கொண்டு, "ஆலிம்கள் உண்மையைச் சொல்வதில்லை" என்று தேநீர்க் கடையில் குறைப்படுகிறோம். ஜால்ரா தட்டுபவரைக் குறை சொல்வதற்கு முன்னால், தட்டாவிட்டால் அவருக்கு அடுப்பெரியாது என்ற நிலையை உண்டாக்கியவர் யார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கொடுங்கோலரின் முன் சொல்லும் சத்திய வார்த்தையைச் சிறந்த ஜிஹாத் என்று நாயகம் (ஸல்) சொல்லியிருக்கிறார்கள். அந்த ஜிஹாதை வாரந்தோறும் ஒரு ஏழை இமாமின் தலையில் மட்டும் சுமத்துவது சரியாகுமா?

இப்போது என் சொந்தக் கதை. பல ஆண்டுகளுக்கு முன் நடந்தது.

எங்கள் பக்கத்து ஊர் ஒன்றின் மதரஸாவுக்குப் புளி மண்டி முதலாளி ஒருவர் ஒரு வகுப்பறை கட்டிக்கொடுத்தார். திறப்பு விழாவுக்கு வாழ்த்துப் பத்திரம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. கொஞ்சம் எழுத வரும் என்பதால் இப்படிப்பட்டவை என்னிடம்தான் வரும். எழுதினேன். ஏழைகளின் துயர் துடைக்கும் கரம், உழைப்பாளிகளின் உற்ற துணை என்றெல்லாம் எழுதினேன். மேடையில் நானே வாசித்தேன். கண்ணாடிச் சட்டமிட்டு அவர் கையில் கொடுத்தார்கள். அவர் கண் கலங்கினார். தக்பீர் முழங்கிற்று.

விழா முடிந்து பிரியாணிச் சட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து வயதான அம்மா ஒருவர் என்னிடம் வந்தார். கணவரை இழந்தவர். பங்குனி மாதம் முழுவதும் அந்த மண்டியில் புளி உடைத்துக் கொட்டை எடுத்தவர். விரலெல்லாம் புளிக் கறை. அவர் கோபமாகவே கேட்கவில்லை, சந்தேகம் கேட்பதுபோல் கேட்டார்: "தம்பி, நீங்க வாசிச்சது இந்த முதலாளியைப் பத்தியா, வேற யாரையாவது பத்தியா?"

"இவரைப் பற்றித்தாம்மா" என்றேன்.

"ஏன் கேட்கிறேன்னா, மூணு வாரக் கூலி எங்க ஆறு பேருக்கும் நிக்குது. உழைப்பாளிக்குத் துணைன்னு வாசிச்சீங்க. அதான்."

எனக்கு அது முன்பே தெரியாததன்று. மண்டியில் கூலி நிறுத்திவைப்பது அந்த வட்டாரத்தில் பலருக்குத் தெரிந்த செய்தி. தெரிந்தேதான் எழுதியிருந்தேன். வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுங்கள் என்ற ஹதீஸை மக்தபுப் பிள்ளைகளுக்கு நானே மனப்பாடம் செய்வித்திருக்கிறேன். வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வாதாடுவதாக அல்லாஹ் கூறும் ஹதீஸ் குத்ஸி புகாரியில் இருப்பதும் தெரியும். அன்று அந்தப் பிரியாணியை நான் தின்றேனா என்று கேட்டால், தின்றேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு வாரம் தூக்கம் சரியில்லை. பிறகு துணிந்து மண்டிக்குப் போனேன். ஸலாம் சொல்லி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தியே பேசினேன். ஆறு பெண்களின் கூலி நிற்பதைச் சொன்னேன். கோபப்படுவார், கல்லாவிலிருந்து எழுந்து வெளியே போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னால் சுவரில் என் வாழ்த்துப் பத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதை ஏன் நீங்க அன்னைக்கே சொல்லலை?" என்று கேட்டார். "நானும் மனசு உறுத்திக்கிட்டுத்தான் இருந்தேன். சீசன் முடியட்டும், சரக்கு போகட்டும்னு தள்ளிக்கிட்டே வந்தேன். அன்னைக்கு நீங்க வாசிச்சதைக் கேட்டதும், ஊரே நம்மை நல்லவன்னு சொல்லுது, அப்புறம் என்னன்னு உறுத்தல் நின்னுபோச்சு."

கழுத்தை வெட்டிவிட்டீர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னது என்ன என்பது எனக்கு அன்றுதான் விளங்கிற்று. அவரிடம் உயிரோடு இருந்த ஒன்றை, அவரைத் தவ்பாவின் பக்கம் இழுத்துக்கொண்டிருந்த ஒன்றை, நான் ஒரு தாளில் எழுதி வெட்டியிருக்கிறேன். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) சொன்ன அந்தத் திருப்தி என்னும் கேடும் இதுதான்.

அவர் அந்த வாரமே கூலியைக் கொடுத்தார். ஆறு பேரில் ஒருவர் அதற்குள் பிழைப்புத் தேடிப் பெங்களூர் போய்விட்டார். அவர் பங்கு போய்ச் சேர்ந்ததா என்பதை நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டும். அதன் பிறகும் என்னிடம் வாழ்த்துப் பத்திரம் கேட்டு வருகிறார்கள். இன்னார், இன்ன தொகை கொடுத்தார், இன்ன கட்டடம் எழும்பிற்று, அல்லாஹ் அதை ஏற்றுக்கொள்வானாக என்று நான்கு வரி எழுதிக் கொடுக்கிறேன். "என்ன பாய், இவ்வளவுதானா? ரசீது மாதிரி இருக்கே" என்று சிலர் முகஞ்சுளிக்கிறார்கள். வேறு ஆளிடம் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள்.

பழைய பத்திரம் மட்டும் அந்த மண்டிச் சுவரில்தான் இருக்கிறது. எழுதியவன் நான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கழற்றிவிடும்படி கேட்க வேண்டும் என்று எண்ணுகிறேன். இன்னும் வாய் வரவில்லை.